நோகாத காலின் நேர்த்தி

என்னுடைய பெர்மெஸ்ஸோவில், அதாவது இத்தாலியில் தங்கியிருப்பதற்குத் தந்த அட்டையில், 'வேலை தேடுவதற்காக' என்று எழுதியிருந்தது. ஒரு வருடம். நீட்டிக்க முடியாது. அந்த வருடத்துக்குள் வேலை ஒப்பந்தம் கிடைத்தால் அதை வேலை அட்டையாக மாற்றலாம். கிடைக்காவிட்டால் பலெர்மோவில் படித்து வாங்கிய பட்டத்தைக் கக்கத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான். நான் ஏறுவதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியில் 'பாவம் பிள்ளை' என்று உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

நான் படித்தது உணவையும் நோயையும் பற்றிய படிப்பு. இங்கே தியத்திஸ்தா என்பார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது நீரிழிவுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. எதை எவ்வளவு சாப்பிடுவது, ஊசியை எங்கே குத்துவது, சீனி இறங்கிக் கை நடுங்கினால் என்ன செய்வது, காலை எப்படிப் பார்த்துக்கொள்வது. மருத்துவர் அவசரமாக எழுதிக் கொடுப்பதை ஒரு மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயுள் முழுக்கச் செய்யவேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் யாராவது இருந்து பொறுமையாகக் கதைக்கவேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று சின்னம்மா சொல்வார். நோயாளிகளோடு உண்டு. மற்றவர்களோடுதான் கிடையாது.

எங்கள் சனத்தில் யாருக்குத்தான் இல்லை இந்தச் சீனி வருத்தம்? கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறவர்கள், தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்கள், யாருடைய கைப்பையைத் திறந்தாலும் மெற்போமின் குளிசை இருக்கும். அவர்களுக்கு இத்தாலிய மருத்துவர்கள் சொல்வது ஒன்றுதான்: சோற்றை விடுங்கள், பாஸ்தா சாப்பிடுங்கள். இவர்களும் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். பிறகு மத்தியானம் வேலைசெய்கிற இடத்தில், சிஞ்ஞோரா என்கிற எசமானியம்மா வீட்டில், பாஸ்தாவும் இரவு தங்கள் வீட்டில் சோறுமாகச் சாப்பிடுவார்கள். மருத்துவர் சொல்லையும் வயிற்றின் சொல்லையும் காப்பாற்றியாயிற்று.

ஆகவே வேலை எனக்காகக் காத்துக்கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இத்தாலிக்கும் பொருந்தும் என்று அப்போது தெரியவில்லை. அரசாங்கம் தேடு என்று அட்டை தந்தது. தேடிப் போன இடமெல்லாம் அட்டை எப்போது முடிகிறது என்றுதான் முதலில் கேட்டார்கள். அரசாங்க மருத்துவமனைப் போட்டிப் பரீட்சைக்கு என்னுடைய அட்டை போதாது என்றார்கள். தனியார் இடங்களில், அட்டை நீண்ட பிறகு வாருங்கள் என்றார்கள். வேலை தந்தால்தானே அட்டை நீளும்? முட்டையா கோழியா கதை. ஓர் இடத்தில், "நீங்கள் வேலை தந்தால் அட்டை முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். நல்ல பகிடி என்று பாராட்டினார்கள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

இன்னோர் இடத்தில் வாசலில் நின்ற மனிதர் என்னைக் கண்டதும் மிகவும் அன்பாக, "துப்புரவுக்காரர்கள் இரண்டு மணிக்குத்தான் வருவார்கள், பின்பக்கக் கதவால் வாருங்கள்" என்றார். நானும் அன்பாக, "அவர்கள் வரட்டும். நான் நேர்முகத்துக்கு வந்தேன், முன்பக்கத்தாலேயே போகிறேன்" என்றேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் முன்பக்கத்தாலேயே போய் முன்பக்கத்தாலேயே வந்தேன்.

நான் இருந்தது சின்னம்மாவோடு. அம்மாவின் தங்கை. போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், மீன்காரர் கத்துவதைக் கேட்டு எழும்பும் இரண்டறை வீடு. கலியாணம் கட்டாமல், இருபது வருடத்துக்கு மேலாக ஒரே சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்து, துடைத்து, இப்போது அந்த அம்மா வயது போய்ப் படுத்த பிறகு அவரையும் பார்த்துக்கொள்கிறார். சின்னம்மாவுக்கும் சீனி வருத்தம் உண்டு. பழைய வருத்தம். குளிசையை ஒழுங்காகப் போடுவார், தேத்தண்ணியில் ஒளித்துச் சீனியும் போடுவார்.

என்னுடைய அட்டையில் பாதிக் காலம் போனதும் சின்னம்மா தன்னுடைய யோசனையைச் சொன்னார். ஒப்பந்தத்தை அவர் கொன்றாத்தோ என்றுதான் சொல்வார்.

"சிஞ்ஞோரான்ர மகளோட கதைச்சிட்டன். அவவும் வீட்டுவேலைக்கு ஆள் தேடுறா. உன்னை எடுத்ததா கொன்றாத்தோ எழுதித் தாறாவாம். முதல்ல பேப்பரைச் சரிப்பண்ணு பிள்ளை. பேந்து உன்ர வேலையைத் தேடு."

"அது ஏலாது சின்னம்மா."

"ஏன்? என்ர வேலை உனக்குக் கேவலமோ?"

"கேவலமில்லை. அது உங்கட வேலை. நான் படிச்சது வேறை."

"படிச்சதை ஆர் இஞ்சை கேக்கினம்? இஞ்சை எத்தினை ரீச்சர்மார் கக்கூஸ் கழுவுகினம் தெரியுமே?"

தெரியும். அதனால்தான் மாட்டேன் என்றேன். வீட்டுவேலைக்கென்று ஒருமுறை உள்ளே போன எங்கள் ஆட்கள் எத்தனை பேர் திரும்பி வெளியே வந்திருக்கிறார்கள்? ஆசிரியர், தாதி, கணக்காளர் எல்லாரும் 'முதலில் பேப்பர்' என்றுதான் போனார்கள். பேப்பர் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், முட்டி தேய்ந்தது. அவர்கள் எவரும் என்னைவிடக் குறைந்தவர்கள் இல்லை. அவர்களிடம் யாரும் என்ன படித்தாய் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். என்னிடமும் கேட்கவில்லை. ஆனால் நான் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

சின்னம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் புட்டு அவித்துத் தந்தார். எங்கள் வீட்டில் சமாதானம் அப்படித்தான் வரும்.

பொலித்தியாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சிறிய நீரிழிவுச் சிகிச்சை நிலையம் இருந்தது. நடத்துகிறவர் ஒரு பெண் மருத்துவர். எல்லாரும் டொட்டோரெஸ்ஸா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கெட்டிக்காரி, கடுகடுப்பானவர், நோயாளிகளுக்காகச் சாப்பாட்டு நேரத்தையும் விடுகிறவர். தமிழ் நோயாளிகள் அவரிடம் நிறைய வந்தார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஸீ, டொட்டோரெஸ்ஸா' என்று ஓம் போட்டுவிட்டு எதையும் செய்வதில்லை என்பது அவருடைய பெரிய முறைப்பாடு. அதனால் என்னை வரச்சொன்னார். சம்பளமில்லாமல், பார்ப்பதற்காகச் சில வாரம். "நான் சொல்வதைத் தமிழில் சொன்னால் போதும்" என்றார்.

"தமிழில் சொல்ல ஒலிபெருக்கி போதும். நான் தியத்திஸ்தா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, தியத்திஸ்தாவாகவே சொல்லுங்கள்" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

டொட்டோரெஸ்ஸாவை மிகவும் எரிச்சலூட்டியது தமிழர்களின் பாதங்கள். சீனி நெடுநாள் கூடி இருந்தால் காலில் உணர்வு செத்துவிடும். கல் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தெரியாத புண் உள்ளே போகும். விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை எடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு நோயாளியிடமும் வெறுங்காலோடு நடக்கிறீர்களா என்று கேட்கவேண்டும். கேட்டேன். எங்கள் பாஷையில், மரியாதையாக, ஒவ்வொருவராக.

"இல்லைப் பிள்ளை. வீட்டுக்குள்ளையும் செருப்புத்தான்."

"சீ, இந்த வெயிலுக்கை ஆர் வெறுங்காலோட நடக்கிறது?"

எல்லாரும் இல்லை என்றார்கள். ஆனாலும் உள்ளங்காலில் கொப்பளமும் வெட்டுமாக வந்துகொண்டே இருந்தார்கள். "உங்கள் ஆட்கள் பொய் சொல்கிறார்கள்" என்றார் டொட்டோரெஸ்ஸா. எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் சின்னம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் இல்லை என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, குளியலறையிலிருந்து குசினிவரை தரை ஓட்டில் சிவப்புப் பொட்டுகள் கிடந்தன. ஓரடிக்கு ஒன்றாக, வரிசையாக. தொடர்ந்து போனேன். சின்னம்மா அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு, வானொலிப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வலது பாதத்தைச் சுற்றி இரத்தம். தன் காலில் இரத்தம் ஓடுவது அவருக்குத் தெரியாது.

"சின்னம்மா, காலைக் காட்டுங்கோ."

"என்ன காலுக்கு? விடு, சிஞ்ஞோரா எழும்பியிருப்பா."

"இருங்கோ எண்டு சொல்லுறன்!"

கதிரையில் இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு நாணயமளவு புண். ஓரம் தடித்திருந்தது. ஒருநாள் புண் இல்லை.

"எங்கை நடந்தனீங்கள்?"

"எங்கையும் நடக்கேல்லை. நேற்று மலைக்குப் போனன், அவ்வளவுதான்."

"வெறுங்காலோடயோ?"

"பின்னை? அம்மாட்டைச் சப்பாத்தோடயே போறது?"

"போன கிழமைதானே கேட்டனான், வெறுங்காலோட நடக்கிறனீங்களோ எண்டு! இல்லை எண்டனீங்கள்."

சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. "நடக்கிறேல்லைத்தானே. அது கும்பிடப் போறது. கும்பிடுறதை ஆர் நடக்கிறது எண்டு சொல்லுறது?"

பலெர்மோவுக்கு மேலே பெல்லெக்ரினோ மலையில் ரோசலியா என்ற புனிதையின் குகை இருக்கிறது. ஊரின் காவல் தெய்வம். நாங்கள் அம்மா என்போம். எங்கள் சனம் வந்த காலத்திலிருந்தே அந்த மலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டது. மன்னார்க் கத்தோலிக்கரும் போவார்கள், யாழ்ப்பாணத்துச் சைவரும் போவார்கள். சாமியில் நாங்கள் வஞ்சகம் பார்ப்பதில்லை. அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பழைய கல்லுப் பாதையால் ஏறி, மேலே அம்மாவைக் கும்பிட்டுவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். இந்த ஊருக்கு வந்த முதல் மாதமே நானும் அப்படி ஏறினேன். அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பொய்யென்று எனக்குத் தோன்றியே இராது.

ஒவ்வொரு ஞாயிறும் சின்னம்மா மலைக்குப் போவது எனக்குத் தெரியும். செருப்போடு போவார், செருப்போடு வருவார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"எத்தினை நாளா உந்தக் கூத்து? என்ன நேர்த்திக்கடன்?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்குக் கொன்றாத்தோ கிடைக்கிறவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வெறுங்காலோட வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

ஊருக்கெல்லாம் காலைப் பார், காலைப் பார் என்று சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைக்கவேண்டும் என்று, காலைப் புண்ணாக்கிக்கொண்டு நிற்கிறார். கத்தினேன். உங்களுக்கு விசரோ என்று கேட்டேன். பிறகு அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டே அழுதேன். "எடியே, அழாதை, எனக்கு நோகவே இல்லை" என்று அவர் என்னைத் தேற்றினார். அந்தச் சொல் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

டொட்டோரெஸ்ஸாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, முன்பாதம் நிலத்தில் படாத தடித்த அடிச் சப்பாத்து ஒன்றைக் கொடுத்தார். எலும்புக்குப் போகவில்லை, போக அதிக நேரம் எடுக்காது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் வீட்டிலேயே இப்படியென்றால், சொல்லிக்கொடுக்கிற ஆளை வைத்து எனக்கு என்ன பயன்?"

ஊருக்குத்தான் உபதேசம் என்று எங்கள் பாஷையிலும் உண்டு. குத்தியது. குத்தினால் நான் சும்மா இருக்கிறவளும் இல்லை.

"அவர் பொய் சொல்லவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறோம். என்னோடு வாருங்கள்."

காத்திருப்பு அறையில் அன்று எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் நின்று தமிழில் கேட்டேன்: "மலைக்குப் போறனீங்களோ?"

"ஓம்! போகாமல்?"

"எப்பிடிப் போறனீங்கள்?"

"வெறுங்காலோடதான் பிள்ளை. வேறை எப்பிடிப் போறது?"

முகமெல்லாம் பெருமை. சியாகுல்லிப் பக்கம் மந்தரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலைசெய்யும் ஐயா ஒருவர், முந்தின கிழமைதான் "சீ, ஆர் நடக்கிறது?" என்று என்னிடம் சொன்னவர், இந்த வருடம் எத்தனை தரம் ஏறினார் என்று விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். நான் இத்தாலியனில் டொட்டோரெஸ்ஸாவுக்குச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நின்று எல்லாக் கால்களையும் ஒருமுறை பார்த்தார். எத்தனை வருடம் இந்தக் கால்களுக்கு மருந்து கட்டியிருப்பார்! பிறகு உள்ளே போனார்.

அந்தக் கிழமையே என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் தருகிறேன் என்றார். தாளை வாங்கி வாசித்தேன். வேலை என்ற இடத்தில் 'அவுசிலியாரியா' என்று இருந்தது. உதவியாள். தளபாடம் துடைக்கிற, கட்டில் விரிக்கிற, நோயாளியின் கையைப் பிடித்துக் கூட்டிவருகிற ஆள்.

"கணக்காளர் இப்படித்தான் எழுதச் சொல்கிறார், இது இலகுவாம். நீங்கள் செய்யப்போவது அதே வேலைதான். பெர்மெஸ்ஸோ மாற்றவும் இது போதும். ஒரு சொல்தானே?"

"ஒரு சொல்தான் என்றால் சரியான சொல்லையே எழுதலாமே" என்றேன்.

அவருக்கும் கோபம் வந்தது. "திங்கட்கிழமைவரை யோசியுங்கள். உங்கள் அட்டை முடியப்போகிறது, என்னுடையது அல்ல."

உண்மைதான். இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

"பிறகென்ன? கையெழுத்தைப் போடு! உன்ர தலையிடியும் முடிஞ்சுது, என்ர நேர்த்தியும் முடிஞ்சுது."

"அதிலை என்ர வேலை இல்லை சின்னம்மா. அவுசிலியாரியா ஒரு நோயாளிக்குச் சொன்னால் அது கதை. தியத்திஸ்தா சொன்னால்தான் வைத்தியம். நாளைக்கு டொட்டோரெஸ்ஸா மாறினால், வாயை மூடிக்கொண்டு மேசையைத் துடை எண்டு ஆரும் சொல்லலாம். அந்தப் பேப்பரும் ஓம் எண்டு சொல்லும்."

"நீ உன்ர வீம்பிலை நில். நான் ஞாயிறு மலைக்குப் போறன்."

"உந்தப் புண்ணோடயோ?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான். மனிசருக்குச் சொன்னதை மாத்தலாம். அம்மாவுக்குச் சொன்னதை மாத்தேலாது."

வேதாளம் பழையபடி முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. இப்போது என் முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. பொய்யான சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுச் சின்னம்மாவின் காலைக் காப்பாற்றுவது. அல்லது என் வேலைக்காக நிமிர்ந்து நின்று, அந்தக் காலை மலையில் விடுவது. இரண்டு நாள் நித்திரை இல்லை. பேனாவைக் கையில் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், ஒருமுறை மூடியையும் கழற்றினேன். பிறகு மூடினேன். சின்னம்மாவின் பிடிவாதத்துக்குப் பயந்து கையெழுத்துப் போடுகிறவள், நாளைக்கு மற்ற நோயாளிகளின் பிடிவாதத்தோடு எப்படிக் கதைப்பாள்? அதுதானே என் தொழில். தெரிந்தால் இங்கேயே, இந்த வீட்டிலேயே செய்து காட்டு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் சின்னம்மாவைக் கட்டிலில் இருத்தி, சிகிச்சை நிலையத்திலிருந்து கொண்டுவந்த நைலோன் இழையை எடுத்தேன். ஒரு பிடியில் செருகிய, மீன்பிடி நூல் போன்ற சிறிய இழை. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"கண்ணை மூடுங்கோ. தொடுற நேரம் சொல்லுங்கோ."

புறங்கையில் தொட்டேன். "ஓம்." முழங்கையில். "ஓம்." கன்னத்தில். "ஓம், கூசுதடி." பிறகு கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு, புண் இல்லாத இடது உள்ளங்காலில் இழை வளையும்வரை அழுத்தினேன். பெருவிரலில், சின்ன விரலில், நடுவில், ஓரத்தில். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

"என்னடி, எப்பத் தொடப்போறாய்?"

"தொட்டு முடிஞ்சுது சின்னம்மா."

கண்ணைத் திறந்தார். என் கையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "திருப்பித் தொடு" என்றார். இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்தார். இழை வளைந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நேர்த்தி எண்டால் என்ன சின்னம்மா? எங்கட நோவை அம்மாவுக்குக் குடுக்கிறதுதானே? உங்கட காலுக்கு நோவே இல்லை. நீங்கள் என்னத்தைக் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொடுமையான சொல். ஆனால் திரும்பி எடுக்கவில்லை. சின்னம்மாவின் கண் நிறைந்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சும்மாவே ஏறினனான்?"

"சும்மா இல்லை. ஆனால் இனி ஏறினால் சும்மாதான்."

சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி. சொன்ன நேர்த்தி நிக்குது. ஆர் அதைத் தீர்க்கிறது?"

தாய் வைத்த நேர்த்தியைப் பிள்ளை தீர்க்கலாம் என்பது எங்கள் வழக்கம். சின்னம்மாவுக்குப் பிள்ளை நான்தான்.

"நான் நடக்கிறன். எனக்கு நல்லா நோகும்."

ஞாயிறு காலை சின்னம்மா தடித்த சப்பாத்தோடு பஸ்ஸில் மேலே போனார். நான் அடிவாரத்தில் சப்பாத்தைக் கழற்றினேன். வந்த முதல் மாதத்தில் ஏறியபோது ஊர்க்கால் இன்னும் இருந்தது. இப்போது நூலகத்திலும் வகுப்பிலும் மெத்தென்று போன கால். முதல் வளைவிலேயே கல்லு ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லத் தொடங்கியது. இரண்டாவது வளைவில் முள் ஏறியது. வெயில் ஏற ஏறக் கல் சுட்டது. நான் பக்தியோடு ஏறினேன் என்று சொன்னால் அம்மாவே சிரிப்பார். கணக்காளரைத் திட்டினேன், அட்டை தருகிற குவெஸ்தூராப் பொலிசைத் திட்டினேன், அட்டை அடித்தவனைத் திட்டினேன், கடைசியில் அந்தப் புனிதையோடேயே சண்டை பிடித்தேன். 'இந்த மனிசியின் காலைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாயே, உனக்கே நியாயமா?' என்று கேட்டேன். பக்கத்தில் ஏறிய ஓர் இத்தாலியக் கிழவர், செபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

மேலே குகை வாசலில் சின்னம்மா நின்றார். உள்ளே போகவில்லை. சப்பாத்துக் காலோடு போக வெட்கமாக இருக்கிறது என்றார். நான் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்தார்.

"நோகுதோ?"

"உயிர் போகுது."

"நல்லது" என்றார். கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக உள்ளே போனோம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னம்மா, புனிதையின் சிலை படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்று வாய்க்குள் ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கால் கழுவத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கட்டு மாற்றுகிற நாள். டொட்டோரெஸ்ஸா துணியை அவிழ்த்து, விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். புண்ணின் ஓரம் இறங்கி, உள்ளே நல்ல சிவப்பாக இருந்தது. அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன்.

"நேற்று மலைக்குப் போகவில்லையா, சிஞ்ஞோரா?"

"போனேன். பஸ்ஸில். சப்பாத்தோடு."

"பார்த்தீர்களா?" என்றார் என்னிடம். புதிய கட்டைப் போட்டு, சப்பாத்தை மாட்டி, வாரை இறுக்கிவிட்டார். பிறகு மேசையிலிருந்து அந்த ஒப்பந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. 'தியத்திஸ்தா என்று இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை, நாளையிலிருந்து வரவும் மாட்டேன்' என்றேன்.

டொட்டோரெஸ்ஸா பெருமூச்சு விட்டு, சின்னம்மாவின் தோளில் கையை வைத்தார். "சிஞ்ஞோரா, நீங்கள் நல்ல மனிதர். இந்தப் பிடிவாதக்காரிக்கு நீங்களாவது சொல்லுங்கள், கையெழுத்துப் போடட்டும். ஒரு சொல்தானே."

இருபது வருடத்துக்கு மேலாகச் சின்னம்மாவின் இத்தாலியன் முழுவதும் ஒரு சொல்லில்தான் நடந்தது. ஸீ, சிஞ்ஞோரா. ஸீ, டொட்டோரே. வெள்ளைக்காரர் ஒருவருக்கு அவர் மறுத்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கையெழுத்துப் போடு என்று அவரும்தானே சொன்னவர்?

சின்னம்மா நிமிர்ந்து இருந்தார்.

"நோ" என்றார்.

டொட்டோரெஸ்ஸாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும்தான். சின்னம்மா தன்னுடைய உடைந்த இத்தாலியனில், சொல்லுச் சொல்லாகப் பொறுக்கி வைத்தார்.

"துடைக்கிறது நான். எங்கள் வீட்டில் அதற்கு நான் ஒருத்தி போதும். இவள் தியத்திஸ்தா. தியத்திஸ்தா சொன்னது, நான் சப்பாத்துப் போட்டேன். துடைக்கிற ஆள் சொன்னால் நான் ஏன் கேட்கவேண்டும்? நானும் துடைக்கிற ஆள்தான்." குனிந்தார். சப்பாத்தின் வாரைப் பிடித்தார். "இவள் அவுசிலியாரியா என்றால் சரி. நான் இதைக் கழற்றுகிறேன். ஞாயிறு வெறுங்காலோடு போகிறேன்."

வார் பாதி அவிழ்ந்த சத்தம் கேட்டது.

"கையை எடுங்கள், சிஞ்ஞோரா!" என்றார் டொட்டோரெஸ்ஸா.

சின்னம்மா எடுக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டொட்டோரெஸ்ஸா என்னைப் பார்த்தார், தான் கட்டிய கட்டைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்துக் கணக்காளரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அந்த மனிதர் நீளமாக ஏதோ விளக்கினார். டொட்டோரெஸ்ஸா கேட்டார், குறுக்கே பேசினார், திரும்பவும் கேட்டார். 'தியத்திஸ்தா என்றே எழுதுங்கள், இன்றைக்கே' என்று அவர் சொல்லித் தொலைபேசியை வைக்கும்வரை, சின்னம்மா வாரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.